மாற வேண்டியது புதுகும்மிடிப்பூண்டியின் ஜன்னல்கள் அல்ல

காற்று கெட்டுவிட்டது என்ற பேச்சு எந்த மேடையில் எழுந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் வாக்கியம் ஒன்றுதான்: "மக்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்." முகக்கவசம் போடுங்கள். விடியற்காலையில் நடக்காதீர்கள், வெயில் ஏறிய பிறகு நடங்கள். கைப்பேசியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வாசல்படி இறங்குங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். வசதியிருந்தால் படுக்கையறைக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குங்கள். இவ்வளவு சொல்லியும் கேட்காதவர்களுக்கென்று இன்னொரு வாக்கியமும் தயாராக இருக்கிறது: "நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது."

இந்தக் கருத்து நல்லெண்ணத்தில் பிறந்தது. இதைச் சொல்பவர்களில் நுரையீரல் மருத்துவர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, அக்கறையுள்ள அதிகாரிகளும் உண்டு. ஆனாலும் இது தவறு. எவ்வளவு தவறு என்று பார்க்க, சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் போதும்.

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர். கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி இழுக்கும் ஆலைகள், பழைய பேட்டரியிலிருந்து ஈயத்தை மீட்கும் ஆலைகள், வேதிப்பொருள் ஆலைகள், நிலக்கரி மின்நிலையம் எல்லாம் இருக்கின்றன. தொழிற்சாலைகள் கழிக்கும் அபாயக் கழிவைப் புதைக்கும் பொதுக் கிடங்கும் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. வேலியை ஒட்டியே புதுகும்மிடிப்பூண்டி, பாப்பன்குப்பம், சித்தராஜகண்டிகை என்று மக்கள் வாழும் ஊர்கள்.

இவர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று நினைப்பவர், ஒரு நாள் காலை ஆறு மணிக்கு இங்கே ஏதாவது ஒரு வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்கட்டும். துணி காயப்போடுவதற்கு முன்னால் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் இழுத்துத் துடைக்க வேண்டும். துடைத்த துணி கறுத்துப் போகும். வாசலைக் கோலத்துக்கு முன் இரண்டு தடவை பெருக்க வேண்டும். முதல் பெருக்கலில் முறத்தில் சேர்வது மண் நிறத்தில் இருக்காது. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை வெயிலில் காய்வதில்லை, கூடத்து மின்விசிறிக்குக் கீழே காய்கிறது. வடாம் பிழிந்தால் மேலே பழைய வேட்டி மூடித்தான் காயவைக்க முடியும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மாடித் தரையில் ஓட்டினால், பையின் வெளிப்புறத்தில் கறுப்புத் துகள் மீசை மயிர்போலச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். சாதாரணத் தெருப்புழுதி அப்படி அடர்ந்து ஒட்டாது. அந்தத் துகள்தான் இரவெல்லாம் ஜன்னல் இடுக்கு வழியாகவும் உள்ளே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது நுரையீரலின் அடிவரை போகிறது.

சித்திரை வெயிலில் மாடியில் பாய் விரித்துப் படுப்பது வட மாவட்டங்களின் பழக்கம். ஆலைப் புகை இறங்கும் தெருக்களில் அதுவும் போய்விட்டது. புழுக்கம் பொறுத்து, கதவடைத்துப் படுக்கிறார்கள்.

இத்தனையும் பழக்க மாற்றம்தான். எந்த விழிப்புணர்வுப் பேரணியும் இவர்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. காற்று சொல்லித்தந்தது. அறிவுரை கேட்டு நகரவாசி செய்யக்கூடியதை எல்லாம், அதற்கு மேலும், இவர்கள் செய்து முடித்துப் பல காலமாயிற்று. பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள், கூலியில்லாமல் செய்கிறார்கள். ஒரு ஆலை வடிகட்டியை ஓட்டாமல் மிச்சம் பிடிக்கும் பணத்தை, அக்கம்பக்கத்து வீடுகள் சோப்பாகவும் மருந்துச் சீட்டாகவும் தூக்கமாகவும் கட்டிக்கொண்டிருக்கின்றன. மக்கள் மாறினால் காற்று மாறும் என்றால், இந்த ஊரின் காற்று எப்போதோ மாறியிருக்க வேண்டும்.

மாறாததோடு நிற்கவில்லை. மக்களின் பழக்க மாற்றம் மாசை மறைக்கவும் செய்கிறது. விடிவதற்குள் பெருக்கித் துடைத்துவிட்ட வாசலில், காலை பதினோரு மணிக்கு வரும் அதிகாரிக்கு என்ன தெரியும்? பழகிப்போனவர்கள் புகார் எழுதுவதும் குறைகிறது. புகார் குறைந்தால், "நிலைமை தேவலை" என்று குறிப்பு எழுதப்படுகிறது. அதனால்தான் "அவங்களுக்குப் பழகிடுச்சு" என்று வெளியூர்க்காரர் சொல்லும்போது கோபம் வருகிறது. பழகியது மனசுக்குத்தான். ரத்தக்குழாய்க்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

"ராத்திரிதான் சார் விடுறாங்க." சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இது. வெளியிலிருந்து கேட்பவர்கள் இதை வதந்தி என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் இதற்குப் பின்னால் தெளிவான கணக்கு இருக்கிறது. பழைய இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் உலை மின்சாரத்தை விழுங்குகிற உலை. ஒரு டன் இரும்பை உருக்க 500 யூனிட்டுக்கு மேல் வேண்டும். தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின் இணைப்புள்ள ஆலைகளுக்குக் காலை, மாலை உச்ச நேரங்களில் கூடுதல் கட்டணம் உண்டு. இரவு 10 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை 5 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஆகவே உலையை இரவில் முழுவீச்சில் ஓட்டுவதுதான் லாபம். எண்ணெய்ப் பிசுக்கும் பெயிண்டும் துத்தநாகப் பூச்சும் ஒட்டிய ஸ்கிராப்பை உலையில் கொட்டும்போதுதான் புகை குபுகுபுவென்று கிளம்பும். அதை மேலே மூடி போட்டு உறிஞ்சி, பேக் ஃபில்டர் எனும் பை வடிகட்டி வழியாக அனுப்ப வேண்டும். உறிஞ்சும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும், பைகளையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். எல்லா ஆலைகளும் அதை நிறுத்திவிடுகின்றன என்று சொல்ல முடியாது. நிறுத்தினால் மிச்சம் என்ற சபலம் எல்லா ஆலைகளுக்கும் இருக்கிறது. இரவில் பார்ப்பதற்கும் ஆள் இல்லை.

வானிலையும் இதற்கு ஒத்துழைக்கிறது. பகலில் தரை சூடேறிக் காற்று மேலெழும், புகை கலைந்துவிடும். பிற்பகலில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடற்காற்றும் வீசும். இரவில் தரை குளிர்ந்து காற்று அடங்கிவிடுகிறது. புகைபோக்கியிலிருந்து வருவது மேலே போக வழியின்றிக் கூரைகளின் மேல் படிகிறது.

இப்போது அறிவுரைக்காரர்களின் பெரிய ஆயுதத்தைப் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். இந்தக் குறியீடு இந்தியாவில் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கும்மிடிப்பூண்டியிலும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையம் அந்தோணிப்பிள்ளை நகரில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கு இந்தக் குறியீடு எடுத்துக்கொள்வது 24 மணிநேரச் சராசரியை. ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 20 மணிநேரம் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் இருக்கிறது. இரவில் 4 மணிநேரம் மட்டும் 160 இருக்கிறது என்று வையுங்கள். சராசரி எவ்வளவு? மிகச்சரியாக 60. இந்தியாவின் ஒருநாள் வரம்பும் 60தான். கைப்பேசித் திரையில் அந்த ஊருக்குக் கிடைக்கும் பட்டம் "திருப்திகரம்". குழந்தை இருமி எழுந்த அந்த நான்கு மணிநேரம் கணக்கில் கரைந்துபோயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த ஒருநாள் வரம்பு 15 என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த 60 பாதுகாப்பான எண் என்றும் சொல்வதற்கில்லை. சென்னை உள்ளிட்ட 10 இந்திய நகரங்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்த கட்டுரை, அந்நகரங்களின் தினசரி இறப்புகளில் 7.2 விழுக்காடு, நுண்துகள் உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டியதால் நேர்ந்தவை என்று கணக்கிட்டது. 60-க்குக் கீழே இருந்த நாட்களிலும் நுண்துகள் ஏற ஏற இறப்பும் ஏறியது. கும்மிடிப்பூண்டி அந்தப் பத்தில் இல்லை. நகரமாக இருந்தால்தானே ஆய்வுப் பட்டியலில் இடம் கிடைக்கும்.

"தகவல் கொடுத்தால் மக்கள் தங்களைக் காத்துக்கொள்வார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே" என்று கேட்கலாம். சொல்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் புகைமூட்ட எச்சரிக்கை வந்த நாட்களில் உயிரியல் பூங்காவுக்கும் வானோக்குக்கூடத்துக்கும் போகிறவர்கள் குறைந்ததைப் பொருளியல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே ஆய்வு வரிசையில் இன்னொரு முடிவும் உண்டு; அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. எச்சரிக்கை தொடர்ந்து இரண்டாம் நாளும் வந்தபோது, முதல் நாள் அளவுக்கு மக்கள் விலகியிருக்கவில்லை. காரணம் எளிது. பூங்காவுக்குப் போவதை ஒருநாள் தள்ளிப்போடலாம். தினமும் தள்ளிப்போட முடியாது. வேலையை, பள்ளிக்கூடத்தை, ரேஷன் கடை வரிசையை ஒருநாள்கூடத் தள்ளிப்போட முடியாது. சீனா 2013-லிருந்து நகரங்களின் காற்று அளவை மணிக்கு மணி வெளியிட்டது. மக்கள் வெளியே போவதைக் குறைத்தார்கள், சுத்திகரிப்பான் விற்பனை கூடியது. ஆனால் பெய்ஜிங்கின் நுண்துகள் ஆண்டு சராசரி 2013-ல் 89.5 ஆக இருந்து 2017-ல் 58 ஆக இறங்கியதற்குக் காரணம், நிலக்கரிக் கொதிகலன்களை மூடியதும் ஆலைகளை மாற்றியதும்தான். முகக்கவசம் ஒரு மைக்ரோகிராமையும் குறைக்கவில்லை.

முகக்கவசம் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். முகத்தோடு ஒட்டி அமரும் என்95 நுண்துகளைத் தடுக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மோசமான நாட்களில் கட்டாயம் போடட்டும். துணிக் கவசம் பெரிதாக எதையும் தடுக்காது. இவற்றில் எதுவுமே கந்தக டைஆக்சைடு போன்ற வாயுவை நிறுத்தாது. உலைவாயில் 12 மணிநேர ஷிஃப்டில் நிற்கும் பீகார், ஒடிசா தொழிலாளியிடம், அந்த அனலில் நாள் முழுக்க என்95 போட்டுக்கொள் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஷிஃப்ட் முடிந்து அவர் போய்ப் படுக்கும் அறையும் புகைபோக்கிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. எந்த நேரத்தில் அவர் ஜன்னலைத் திறக்கலாம் என்று கைப்பேசிக் குறியீடு சொல்லும்?

இன்னொரு மனித உயிரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டது. கர்ப்பக் காலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு 2 விழுக்காடு கூடுகிறது. நான்கு கிராம்தானே என்று தோன்றலாம். ஒரு மாவட்டத்தின் எல்லாப் பிரசவங்களிலும் அந்த நான்கு கிராம் குறைகிறது என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். கருவறைக்குள் இருப்பவர் எந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்? பத்து மாதம் தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

"காற்று சரியில்லை என்றால் வேறு ஊருக்குப் போகலாமே" என்பவர்களும் உண்டு. போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். சென்னையில் குடியிருந்துகொண்டு இங்கே வந்து சம்பாதித்துத் திரும்புகிறவர்கள் நிறைய. போக முடியாதவர்கள் மிஞ்சினார்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. போருக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். முகாம் பதிவில்தான் அவர்களுக்கு உதவித்தொகையும் அடையாளமும். நல்ல காற்று தேடி நினைத்த ஊருக்குக் குடிபோக அவர்களுக்கு வழி கிடையாது.

மக்கள் மாறியதால் காற்று சுத்தமான இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. போகிப் பண்டிகையில் சென்னையிலும் வட மாவட்டங்களிலும் டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பது வழக்கமாக இருந்தது. 2018 போகியன்று அந்தப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் தடுமாற வைத்தன. வாரியம் வருஷா வருஷம் பிரசாரம் செய்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் சண்டை போடுகிறார்கள், பல தெருக்களில் டயர் எரிப்பது நின்றுவிட்டது. அங்கே அறிவுரை பலித்ததற்குக் காரணம், தீ வைத்த கையே அறிவுரை கேட்ட கையாக இருந்ததுதான். வருஷத்தில் ஒருநாள் எரிந்த டயரை மக்கள் விட்டுவிட்டார்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பழைய டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் ஆலைகள் மற்ற நாட்களிலும் ஓடுகின்றன. போகிக்குச் செய்த பிரசாரத்தின் வேகத்தில் பாதியாவது அந்த ஆலைகளின் பக்கம் திரும்ப வேண்டாமா?

இந்த இடத்தில் எழும் கேள்வி எல்லோருக்கும் தெரியும்: ஆலையை மூடிவிட்டால் சோறு? யாரும் மூடச் சொல்லவில்லை. குஜராத்தின் சூரத்தில் 2019-ல் அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு முயற்சி செய்தது. நிலக்கரி எரிக்கும் முந்நூறு சொச்சம் ஆலைகளின் புகைபோக்கிகளில் தொடர் அளவுக் கருவி பொருத்தி, அவற்றில் ஒரு பகுதி ஆலைகளுக்கு மொத்தம் இவ்வளவு துகள்தான் வெளியேறலாம் என்று உச்சவரம்பு வைத்து, அந்த அளவுக்குள் ஆலைகள் தங்களுக்குள் உரிமத்தை வாங்கி விற்க அனுமதித்தது. திட்டத்தில் சேர்ந்த ஆலைகளின் துகள் வெளியீடு 20 முதல் 30 விழுக்காடு குறைந்தது. மாசைக் குறைக்கும் செலவும் பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. அதற்கும் முன்னால், தாஜ்மகாலின் பளிங்கு மங்குகிறது என்று தொடுத்த வழக்கில், 292 ஆலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடம்பெயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கல்லுக்குக் கிடைத்த நியாயம் பாப்பன்குப்பத்துக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும்.

அரசின் கவனம் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. அதன் 131 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்குதான். கும்மிடிப்பூண்டிக்கு அதில் இடமில்லை, ஆகவே குறைப்பு இலக்கும் இல்லை, அதற்கான நிதியும் இல்லை. 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தில் இருந்த சிறைத்தண்டனைகள் பலவற்றை 2023-ல் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் அபராதமாக மாற்றியது. உச்சவரம்பு 15 லட்சம் ரூபாய். அனல்மின் நிலையங்கள் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் போட்ட விதி, கெடுவுக்கு மேல் கெடு வாங்கி, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு அளிப்பதில் வந்து நின்றது. புகை விடுபவர்களின் கடமை ஒவ்வொன்றாகக் குறைய, மூச்சு விடுபவர்களின் கடமைப் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

அதனால் கும்மிடிப்பூண்டியில் இனி யாரும் முகக்கவசம் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம். வாரியம் செய்யக்கூடியவை, சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை, சில இருக்கின்றன. ஒவ்வொரு உருக்காலையின் புகைபோக்கியிலும் பேக் ஃபில்டரின் மின்மீட்டரிலும் தொடர் பதிவு வேண்டும். பறக்கும் படை இரவு 10 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் வர வேண்டும். அந்தோணிப்பிள்ளை நகர் நிலையத்தின் அளவோடு, வேலியை ஒட்டிய ஊர்களிலும் கருவி வைக்க வேண்டும். இந்த எண்கள் எல்லாம், 24 மணிநேரச் சராசரியாக இல்லாமல் மணிக்கு மணி, எந்த ஆலையின் எந்தப் புகைபோக்கி என்ற பெயரோடு, கும்மிடிப்பூண்டிப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் படிக்கிற உயரத்தில் ஒரு பலகையில் வர வேண்டும். இரவு 10 முதல் காலை 5 வரையிலான எண்களைத் தனி வரிசையில், தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். அங்கே பஸ் ஏறுகிறவர்களில் பலர் அந்த உலைகளுக்குத்தான் போகிறார்கள்.